சொல்லின் வாலைக் கவனியுங்கள்!



உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து, அதன் உறையில் அச்சிட்டிருப்பதைச் சற்றுப் படித்துப் பாருங்கள். 'அயோடின் கலந்த உப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் உள்ளே கலந்திருப்பது, ஆய்வுக்கூடத்துப் புட்டியில் நீங்கள் பார்க்கும் கரிய நிறத் தனிமமாகிய அயோடின் அன்று. அதன் சேர்மம் ஒன்று. நம் நாட்டு உப்பில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட். அமெரிக்காவில் இதே வேலைக்குப் பொட்டாசியம் அயோடைடைப் பயன்படுத்துகிறார்கள்.

அயோடேட், அயோடைடு. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இரண்டும் நம் உடலுக்கு அயோடினைத் தந்து முன்கழுத்துக் கழலை வராமல் காப்பவை. பிறகு ஏன் நாம் ஒன்றையும் அவர்கள் மற்றொன்றையும் தேர்ந்தெடுத்தோம்? விடை அந்தச் சொற்களின் கடைசியில் இருக்கிறது. அயோடைடில் ஆக்சிஜன் இல்லை. ஈரக் காற்று பட்டால் அது சிறிது சிறிதாக ஆக்சிகரணம் அடைந்து, அயோடின் விடுபட்டு ஆவியாகிப் போய்விடும். அயோடேட்டில் முன்னதாகவே மூன்று ஆக்சிஜன் அணுக்கள் அயோடினோடு இணைந்திருக்கின்றன. எனவே வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில், கோணிப்பையில் கிடந்தாலும் கடையில் காத்திருந்தாலும், அது நெடுநாள் நிலைத்து நிற்கிறது. இவ்வளவு பெரிய செய்தியை ஒரு சொல்லின் வால் நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் சொல்லும்.

நம்மில் பலர் அந்த வாலைப் படிப்பதில்லை. வேதியியல் பெயர்களைப் பட்டியலாக எழுதி வைத்து, தேர்வுக்கு முதல் நாள் இரவு உருப்போடுகிறோம். சல்பைடு, சல்பைட்டு, சல்பேட் மூன்றும் காதில் ஒன்றுபோல ஒலிப்பதால் மூன்றும் ஏறக்குறைய ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். இப்படிப் படிப்பது வீண் சுமை. சில இடங்களில் ஆபத்தும்கூட. பெயர்களை உருப்போடும் பழக்கத்தை விட்டுவிட்டுப் பெயர்களைப் பிரித்துப் படிக்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்ள வேண்டும். அதற்கு ஆதாரங்களைப் பார்ப்போமா?

விகுதி நமக்குப் புதிதா?

'வந்தான்' என்றால் வந்தவர் ஓர் ஆண் என்று தெரிகிறது. 'வந்தாள்' என்றால் பெண். 'வந்தது' என்றால் அஃறிணை. மூன்று சொற்களுக்கும் பகுதி ஒன்றே. விகுதி மாறியதும் பொருள் மாறிவிட்டது. இவற்றைத் தனித்தனியாக யாராவது மனப்பாடம் செய்தோமா? விகுதியின் பொருள் தெரிந்ததால், இதுவரை கேட்டிராத வினைச்சொல்லையும் நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆங்கில வேதியியல் பெயர்களும் இதே முறையில் அமைந்தவைதாம். ஐடு, ஐட்டு, ஏட் என்பவை அவற்றின் விகுதிகள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்றே எழுத்துகள். முதல் இரண்டுக்கும் நடு எழுத்து ஒன்றே வேறு. பின் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே வேறு. ஆனால் அவற்றின் பொருள் இது:

ஐடு என்றால் பெரும்பாலும் இரண்டே தனிமங்கள் சேர்ந்த பொருள். ஏட் என்றால் அவற்றோடு ஆக்சிஜனும் சேர்ந்திருக்கிறது. ஐட்டு என்றாலும் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பதைவிடக் குறைவு.

சோடியத்தின் மூன்று உப்புகளை எடுத்துக்கொள்வோம். சோடியம் சல்பைடு, தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து முடியை நீக்கப் பயன்படுவது. சோடியம் சல்பைட்டு, உணவுப் பொருள்கள் கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுவது. சோடியம் சல்பேட், சலவைத்தூளில் கலக்கப்படுவது. மேல்நிலை வகுப்பு ஆய்வுக்கூடத்தில் இவற்றின் மீது நீர்த்த அமிலத்தை ஊற்றினால் என்ன நடக்கும்? சல்பைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும், அது நஞ்சு. சல்பைட்டிலிருந்து கந்தகம் எரியும்போது வரும் காரமான நெடி எழும். அது கந்தக டை ஆக்சைடு. சல்பேட்டிலிருந்து எந்த வாயுவும் வராது. தொழிற்சாலையில் சல்பைடு கலந்த கழிவு நீரோடு அமிலம் சேர்ந்துவிட்டால், அங்கே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. சல்பேட் கழிவுக்கு அந்த அச்சம் இல்லை. ஒரு வாலுக்கு எவ்வளவு வேறுபாடு, பார்த்தீர்களா?

ஐந்து உடன்பிறப்புகள்

குளோரினின் குடும்பம் இன்னும் சுவையானது. இங்கே வால் மட்டும் போதாமல் தலையிலும் ஒரு முன்னொட்டு வைக்க நேர்ந்தது. கிரேக்க மொழியில் 'ஹைப்போ' என்றால் கீழே என்று பொருள். இலத்தீனிலிருந்து வந்த 'பெர்' என்பது இங்கே மிகுதியைக் குறிக்கிறது.

குளோரைடு: ஆக்சிஜன் இல்லை. நாம் உண்ணும் சோற்றுப்பு சோடியம் குளோரைடு.

ஹைப்போகுளோரைட்டு: ஓர் ஆக்சிஜன். ஊர்க் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் கிருமி நீக்கப் போடும் பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட்டு.

குளோரைட்டு: இரண்டு ஆக்சிஜன். துணிகளை வெளுக்கப் பயன்படுவது சோடியம் குளோரைட்டு.

குளோரேட்: மூன்று ஆக்சிஜன். தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்பு பாஸ்பரசின் மீது உரசியதும், தீ பற்றுவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது இதுதான்.

பெர்குளோரேட்: நான்கு ஆக்சிஜன். அம்மோனியம் பெர்குளோரேட் நம் விண்வெளி ராக்கெட்டுகளின் திட எரிபொருளில் ஆக்சிஜனை வழங்கும் பொருள். இதைத் தயாரிப்பதற்கென்றே கேரளத்தின் ஆலுவாவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒரு தொழிற்கூடம் வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 கலத்தை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் இரு பக்கங்களிலும் இருந்த பெரிய திட எரிபொருள் உந்திகளிலும் இதுவே இருந்தது.

சாப்பாட்டுத் தட்டிலிருந்து ராக்கெட் வரை ஒரே குடும்பம்! பெயரைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஆக்சிஜன் படிப்படியாக ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. மனப்பாடம் செய்தவருக்கு அவை ஐந்து தனித்தனிச் சொற்கள். ஒன்றை மறந்தால் மற்றது உதவிக்கு வராது. (குளோரேட்டுகள் கந்தகம், பாஸ்பரஸ் முதலியவற்றோடு சேர்ந்தால் உரசலிலேயே வெடிக்கக் கூடியவை. எனவே இவற்றை வைத்துத் தாமாகச் சோதனை செய்து பார்க்க எவரும் முயலக் கூடாது.)

இந்த ஒழுங்கு எப்படி வந்தது?

இந்தப் பெயர்கள் தாமாக முளைத்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பாவில் பொருள்களுக்கு நிறம், ஊர், கண்டவர் இவற்றை வைத்தே பெயர் இருந்தது. மெக்னீசியம் சல்பேட்டுக்கு எப்சம் என்ற ஊரின் பெயர். சோடியம் சல்பேட்டுக்குக் கிளாபர் என்ற வேதியியலாரின் பெயர். தாமிர சல்பேட்டுக்கு நீல விட்ரியால் என்று பெயர். மூன்றும் சல்பேட்டுகள் என்பதை இந்தப் பெயர்களிலிருந்து யாரால் ஊகிக்க முடியும்?

நம் நாட்டிலும் இதே நிலைதான். மயில்துத்தம், அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பவை தாமிர சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் ஆகும். அழகான பெயர்கள், ஆனால் ஒன்றுக்கொன்று உறவு என்று அவை சொல்வதில்லை.

பிரான்சு நாட்டில் திஜோன் நகரைச் சேர்ந்த கிட்டோன் தெ மோர்வோ என்ற வழக்கறிஞருக்கு வேதியியலில் ஈடுபாடு மிகுதி. இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று 1782இல் அவர் ஒரு திட்டம் வெளியிட்டார். பின்னர் அவரும் லவாய்சியே, பெர்த்தொலே, பூர்க்குருவா ஆகிய மூவரும் சேர்ந்து, 1787இல் பாரிசில் வேதியியல் பெயரிடும் முறை பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள். பொருளின் பெயரே அது எவற்றால் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட கொள்கை. அமிலத்தில் ஆக்சிஜன் மிகுந்திருந்தால் 'இக்', குறைந்திருந்தால் 'அஸ்'. இக் அமிலத்தின் உப்பு ஏட். அஸ் அமிலத்தின் உப்பு ஐட்டு. சல்பியூரிக் அமிலத்திலிருந்து சல்பேட், சல்பியூரஸ் அமிலத்திலிருந்து சல்பைட்டு. நைட்ரிக் அமிலத்திலிருந்து நைட்ரேட், நைட்ரஸ் அமிலத்திலிருந்து நைட்ரைட்டு. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பாடநூலில் பாதிப் பட்டியல் தேவையற்றதாகிவிடும்!

ஐடு என்னும் வால் 'ஆக்சைடு' என்ற சொல்லிலிருந்து பிற சேர்மங்களுக்குப் பரவியது. அதற்கு முன் ஆங்கிலத்தில் சல்பைடைச் 'சல்பியூரெட்' என்று சொல்லி வந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. லவாய்சியே 1794இல் புரட்சிக் காலத்தில் கொல்லப்பட்டார். அவருடைய கருத்துகளில் சில தவறு என்று பின்னர் மெய்ப்பிக்கவும் பட்டன. ஆயினும் அந்த நால்வர் வகுத்த பெயர் முறை இன்றும் உங்கள் பாடநூலில் வாழ்கிறது.

வால் மாறினால் உயிர் போகும்

"பெயர்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது கால்சியம் பாஸ்பேட். வயலுக்கு இடும் சூப்பர் பாஸ்பேட் உரமும் பாஸ்பேட்டே. ஆனால் துத்தநாக பாஸ்பைடு எலியைக் கொல்லும் மருந்து. அது வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகிறது. பாஸ்பேட் உடலைக் கட்டுகிறது. பாஸ்பைடு உயிரைக் குடிக்கிறது.

முட்டை ஓடும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட். மருத்துவர் தரும் சில கால்சியம் மாத்திரைகளிலும் இருப்பது இதுதான். மாம்பழக் காலத்தில் செய்தித்தாளில் அடிபடும் 'கார்பைடு கல்' என்பதோ கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வெளிப்பட்டுக் காய் நிறம் மாறுகிறது. கார்பைடோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற மாசுகளும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், இவ்விதம் பழுக்க வைப்பதை நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன.

மூன்றாவது எடுத்துக்காட்டு, 1944இல் நியூயார்க் நகரில் நடந்தது. ஒரே உணவகத்தில் காலை உணவு உண்ட 11 ஆண்கள், உடல் நீலம் பாரித்து மயங்கிய நிலையில் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். துப்புத் துலக்கியபோது, அவர்கள் உண்ட கஞ்சியில் சோற்றுப்புக்குப் பதிலாகச் சோடியம் நைட்ரைட்டு சேர்ந்துவிட்டது தெரிய வந்தது. இறைச்சியைப் பதப்படுத்துவதற்காக வைத்திருந்த பொருள் அது. பெர்ட்டன் ரூஷே என்ற எழுத்தாளர் இதைப் 'பதினொரு நீல மனிதர்கள்' என்னும் தலைப்பில் எழுதியிருக்கிறார். இரண்டும் வெள்ளைத் தூள்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கண் ஏமாறும் இடத்தில், புட்டியின் மேல் ஒட்டிய பெயர்தான் காவல். அந்தப் பெயரை நாம் அரைகுறையாகப் படித்தால் காவலும் இல்லை.

உடல் ஏன் நீலம் பாரித்தது? இங்கே இன்னொரு சோடி வால்கள் நமக்கு உதவுகின்றன. இரும்பு இரண்டு நிலைகளில் சேர்மங்களை உண்டாக்கும். குறைந்த நிலைக்குப் பெரஸ். உயர்ந்த நிலைக்குப் பெரிக். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு பெரஸ் நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். நைட்ரைட்டு அதைப் பெரிக் நிலைக்கு மாற்றிவிடுகிறது. மூச்சு விடலாம், காற்றும் உள்ளே போகும், ஆனால் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல ஆள் இல்லை! அஸ் போய் இக் வந்ததன் விளைவு அது.

பாதரசத்திலும் இந்தச் சோடி உண்டு. சித்த மருத்துவ நூல்கள் பூரம் என்று சொல்வது மெர்க்குரஸ் குளோரைடு; வீரம் என்று சொல்வது மெர்க்குரிக் குளோரைடு. முன்னதை மேலை நாட்டு மருத்துவர்கள் ஒரு காலத்தில் பேதி மருந்தாகவே கொடுத்து வந்தார்கள். அதன் தீங்கு தெரிந்து பின்னர் கைவிட்டார்கள். பின்னதோ சிறிய அளவே ஆளைக் கொல்லும் கொடிய நஞ்சு.

விதிக்கும் எல்லை உண்டு

வாலை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடலாமா? கூடாது. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

முதலாவதாக, வால் ஒரு பொருளின் அமைப்பைச் சொல்லும். அது நஞ்சா, அமுதமா என்பதைச் சொல்லாது. குளோரைடு உணவு, பாஸ்பைடு நஞ்சு. இரண்டுக்கும் வால் ஒன்றே. 'ஐடு என்றால் ஆபத்து' என்று புதிய மனப்பாடம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவதாக, ஏட் என்பது இத்தனை ஆக்சிஜன் என்று எண்ணிக்கை சொல்வதில்லை. சல்பேட்டில் நான்கு, நைட்ரேட்டில் மூன்று. ஐட்டைவிட மிகுதி என்பது மட்டுமே உறுதி.

மூன்றாவதாக, விதிவிலக்குகள் உண்டு. ஹைட்ராக்சைடு, சயனைடு ஆகியவற்றில் இரண்டுக்கு மேற்பட்ட தனிமங்கள் இருந்தும் அவை ஐடு என்றே முடிகின்றன.

நான்காவதாக, ஐட்டு என்ற வாலுக்கு வேறொரு வீடும் உண்டு. நிலவியலில் அது கல்லையும் கனிமத்தையும் குறிக்கும். கிராபைட்டு, கால்சைட்டு, பாக்சைட்டு, மேக்னடைட்டு எல்லாம் அவ்வாறு வந்தவை. சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் காணப்படும் பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே இதற்கு இட்டார். இந்த ஐட்டுகளுக்கும் ஆக்சிஜன் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை. இன்னும் வேடிக்கை கேளுங்கள்: குளோரைட்டு என்றே ஒரு பச்சை நிறக் கனிமம் இருக்கிறது, அதன் பெயரில் குளோரின் ஒலித்தாலும் உள்ளே குளோரின் கிடையாது! பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டு பெயர்களும் தனித்தனியே பிறந்தன. ஆகவே ஒரு சொல்லைக் காணும்போது, எந்தத் துறையில் அது வழங்குகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு வாலைப் பாருங்கள்.

விதிவிலக்கு இருப்பதால் விதியே வேண்டாம் என்று சொல்லலாமா? இலக்கணத்திலும் விதிவிலக்கு உண்டு. அதற்காக யாரும் இலக்கணத்தைக் கைவிட்டுவிடவில்லை.

தமிழில் எழுதும்போது

இங்கே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. இப்பெயர்களை நாம் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஐடுக்கும் ஐட்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் அழிந்துவிடுகிறது. 'சல்பைட்' என்று புள்ளி வைத்த டகர மெய்யோடு நிறுத்திவிட்டால், அது எந்தப் பொருள்? அழுகிய முட்டை நாற்றத்தைத் தருவதா, உணவைக் காப்பதா? படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 'நைட்ரைட்' என்றாலும் இதே குழப்பம்தான்.

"தமிழில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துத்தானே, என்ன செய்வது?" என்று கையை விரிக்க வேண்டியதில்லை. நம் மொழியே இதற்கு வழி வைத்திருக்கிறது. 'படம்' என்பதில் டகரம் மெலிந்து ஒலிக்கிறது. 'பட்டம்' என்பதில் இரட்டித்து வலிந்து ஒலிக்கிறது. 'ஓடு', 'ஓட்டு' என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களில் உள்ள அதே வேறுபாடு உங்கள் நாவில் இயல்பாகவே வருகிறது. ஆகவே மெலிந்த ஒலிக்குச் சல்பைடு, நைட்ரைடு, குளோரைடு என்றும், வலிந்த ஒலிக்குச் சல்பைட்டு, நைட்ரைட்டு, குளோரைட்டு என்றும் எழுதினால் குழப்பம் தீர்ந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் படிக்கச் சிரமம் இருந்ததா?

வேற்றுமை உருபு சேர்க்கும்போது மட்டும் விழிப்பாக இருங்கள். 'வீடு' என்பது 'வீட்டில்' என்று இரட்டிப்பது தமிழ் மரபு. அந்தப் பழக்கத்தில் குளோரைடையும் 'குளோரைட்டில்' என்று எழுதிவிட்டால், சோற்றுப்பு துணி வெளுக்கும் பொருளாகிவிடும்! குளோரைடில், குளோரைடை, குளோரைடால் என்று ஒற்றை டகரத்தோடே எழுத வேண்டும்.

பாடநூல் எழுதுவோரும், செய்தித்தாளில் அறிவியல் எழுதுவோரும், உர மூட்டையிலும் பூச்சி மருந்துப் புட்டியிலும் தமிழில் பெயர் அச்சிடுவோரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆங்கிலம் அறியாத உழவருக்கும் தொழிலாளிக்கும் அந்தத் தமிழ் எழுத்து ஒன்றே துணை. அவருக்குக் கிடைக்கும் பெயர் பாதிப் பெயராக இருக்கக் கூடாது.

வாய்பாடு போதாதா?

"பெயரை விட்டுவிட்டு வேதியியல் வாய்பாட்டையே எழுதிவிடலாமே, அதில் எல்லாம் தெளிவாக இருக்கிறதே" என்று சில மாணவர்கள் சொல்வதுண்டு. வாய்பாடு மிகத் தெளிவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் மக்கள் வாய்பாட்டில் பேசுவதில்லை. நாளிதழ் வாய்பாட்டில் செய்தி போடுவதில்லை. தொலைபேசியில் ஒருவர் அவசரமாக ஒரு நச்சுப் பொருளின் பெயரைச் சொல்லும்போது, மறுமுனையில் இருக்கும் மருத்துவர் கேட்பது ஒலியைத்தான். பேச்சில் பயன்படுவது பெயர். அதனால் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும்.

பெரஸ், பெரிக் என்பவற்றுக்குப் பதிலாக, அடைப்புக்குறிக்குள் எண் இட்டு இரும்பின் நிலையைக் காட்டும் முறை இப்போது பரவியிருக்கிறது. அது நல்ல முறை. பழைய வால்களைவிடத் துல்லியமானது. என்றாலும் சத்து மாத்திரையின் அட்டையில் இன்றும் பெரஸ் என்ற சொல்லைப் பார்க்கலாம். ஐடு, ஐட்டு, ஏட் ஆகியவை உலகெங்கும் வழக்கில் இருக்கின்றன. எனவே இரண்டு முறைகளையும் அறிந்திருப்பதே நமக்கு நல்லது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பின்வரும் சேர்மங்களின் வாய்பாடுகளை எழுதுக' என்று கேட்பதோடு நில்லாமல், 'இந்தப் பெயரிலிருந்து இப்பொருளைப் பற்றி என்னென்ன அறியலாம்?' என்றும் ஒரு வினா கேளுங்கள். மாணவர் இதுவரை கேள்விப்படாத பெயராகவே அது இருக்கட்டும். 'சோடியம் செலினைட்டு' என்ற பெயரைக் கொடுத்தால், 'இதில் சோடியம், செலினியம், ஆக்சிஜன் இருக்கின்றன; சோடியம் செலினேட்டில் இருப்பதைவிட ஆக்சிஜன் குறைவு' என்று ஒரு மாணவி எழுதுவாளானால், அவள் வேதியியல் கற்றுவிட்டாள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. வீட்டில் உள்ள பற்பசைக் குழாய், சலவைத்தூள் உறை, மாத்திரை அட்டை, வயல் வைத்திருப்போர் உர மூட்டை ஆகியவற்றில் காணும் வேதியியல் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பொருளைத் திறக்கவோ தொடவோ வேண்டியதில்லை. பெயர் மட்டும் போதும். மூன்று பத்திகள் போட்டு, ஐடுகளை ஒன்றிலும் ஐட்டுகளை ஒன்றிலும் ஏட்டுகளை ஒன்றிலும் பிரியுங்கள். எதிலும் அடங்காத பெயர்களை நான்காவது பத்தியில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த நான்காவது பத்திதான் உங்களுக்கு அடுத்த பாடம்.